தகடூர் விருந்தும் கலங்களின் கணக்கும்

வீட்டில் விருந்து வைக்க நினைக்கும் எவரும் முதலில் தமக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை பேர்? அரிசி எத்தனை படி, இலை எத்தனை கட்டு, பாய் போதுமா, பக்கத்து வீட்டில் அண்டா இரவல் கேட்க வேண்டுமா என்பனவெல்லாம் அக்கேள்விக்குப் பின்னால் வரிசையில் நிற்பவை. இன்றைய தருமபுரிக்குத் தகடூர் என்று பெயர் வழங்கிய நாளில், அங்கே ஒரு வீட்டில் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை என்று புறநானூறு சொல்கிறது. அது உண்மையாக இருக்கக்கூடுமா, அப்படிச் சொன்னவர்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்பதே நம் நோக்கம். அதற்கு முன், எண்ணிக்கையை நம்பியே நடக்கும் அயல்நாட்டு விருந்து ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஒப்புநோக்க ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் நம்முடையதன் உருவம் துலங்கும்.

சுவிட்சர்லாந்துக்காரர்களின் ஃபோன்டூ என்ற உணவை நம்மில் பலர் படங்களிலேனும் கண்டிருப்போம். கனத்த மண்சட்டி ஒன்றின் உட்புறத்தில் பூண்டைத் தேய்த்து, வெள்ளைத் திராட்சை மதுவை ஊற்றிச் சூடாக்கி, துருவிய பாலாடைக்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கிளறுகிறார்கள். க்ரூயேர் பாதியும் வஷ்ரேன் பாதியும் சேர்ப்பது ஒரு வட்டாரத்து வழக்கம். மதுவிலுள்ள புளிப்பு, கட்டியின் புரதம் திரிந்து உருண்டுகொள்ளாமல் காக்கும். அதற்குத் துணையாகக் கொஞ்சம் சோளமாவும் கரைத்து ஊற்றுவதுண்டு. சட்டியை மேசை நடுவில் சிறு விளக்கின்மீது வைத்துவிட்டால், சுற்றி அமர்ந்தவர்கள் நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி அந்தக் குழம்பில் தோய்த்து உண்ணலாம். ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்டவருக்கு ஏதாவதொரு விளையாட்டுத் தண்டனை உண்டு. அடியில் பிடித்த பொருக்கையும் விடுவதில்லை. அதைச் சுரண்டி எடுத்துப் பங்கிட்டுக்கொள்வது விருந்தின் கடைசிச் சடங்கு.

இவ்விருந்தைத் திட்டமிடுகிறவர்களுக்குச் சமையல் நூல்கள் தரும் கணக்கு துல்லியமானது. தலைக்கு 200 கிராம் பாலாடைக்கட்டி, ஏறத்தாழ அதே எடைக்கு ரொட்டி. ஒரு சட்டியைச் சுற்றி ஐந்தாறு பேர் அமரலாம். அதற்கு மேல் ஒருவர் வந்தால் அவர் கரண்டி சட்டியை எட்டாது. இன்னொரு சட்டி, இன்னொரு விளக்கு, இன்னொரு மேசை வேண்டும். ஆகவே அழைப்பில்லாமல் வருகிறவருக்கு இவ்விருந்தில் இடமே கிடையாது. இதைக் குறையென்று சொல்ல வரவில்லை. நெருங்கிய நால்வர் குளிர்கால இரவொன்றில் ஒரே சட்டியில் உண்பதில் உள்ள இதம் நமக்கும் விளங்குகிறது. அந்த இதத்திற்கு ஓர் எல்லைக்கோடு தேவைப்படுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இந்த உணவுக்கு ஒரு பிறப்புக் கதையும் உண்டு. பனிக்காலத்தில் மலையில் அகப்பட்டுக்கொண்ட இடையர்கள், இறுகிப்போன கட்டியையும் காய்ந்துபோன ரொட்டியையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்தபோது பிறந்ததாம். கேட்க இனிமையான கதைதான். ஆனால் பாலாடைக்கட்டியை மதுவில் காய்ச்சும் முறையை எழுதிவைத்த பழைய ஏடு, 1699இல் சூரிச் நகரத்தில் அன்னா மார்கரேத்தா கெஸ்னர் என்ற பெண்மணி எழுதிய சமையல் ஏடு. அது நகரத்து வசதியான வீட்டு அடுக்களையைச் சேர்ந்தது, மலைக்குடிசையை அல்ல. 1825இல் பிரான்சு நாட்டு பிரியா-சவாரன் ஃபோன்டூ என்று எழுதிவைத்ததோ பாலாடைக்கட்டி சேர்த்த முட்டைக் கிளறல். மலையில் செய்த நல்ல கட்டி பெரும்பாலும் விற்பனைக்குப் போனது. செய்தவன் அதை உருக்கிக் குடிப்பானா என்பது ஐயமே. 1914இல் சுவிஸ் பாலாடைக்கட்டி ஒன்றியம் என்ற அமைப்பு உருவாயிற்று. எவர் எவ்வளவு செய்வது, என்ன விலைக்கு விற்பது என்பதையெல்லாம் அதுவே வகுத்தது. தேங்கிய கட்டியை நாட்டு மக்களே உண்டு தீர்க்க வேண்டுமென்று 1930களில் அது ஃபோன்டூவைத் தேசிய உணவாக விளம்பரம் செய்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைப்பிரிவுகளுக்கும் செய்முறைக் குறிப்பு போயிற்று. 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அமெரிக்கர்கள் அதைச் சுவைத்தார்கள். ஒன்றியம் 1999இல் கலைக்கப்பட்டுவிட்டது. அது பரப்பிய வழக்கம் மட்டும் பாட்டன் முப்பாட்டன் காலத்ததாக நிலைத்துவிட்டது.

அதாவது, ஏழைகளின் விருந்து என்ற அந்தக் கதையைச் சொன்னவர்கள் பொருளை விற்றவர்கள். விருந்தின் வரலாற்றைப் படிக்கும்போது, சொல்கிறவர் யார் என்று கேட்டுக்கொள்வது எப்போதும் பயன் தரும். தகடூர் விருந்தைப் பற்றி நமக்குச் சொல்கிறவர்கள் விருந்து கொடுத்தவர்கள் அல்லர், விற்றவர்களும் அல்லர். உண்டவர்கள்.

தகடூர் இன்றைய தருமபுரியே என்பதில் ஐயமில்லை. தருமபுரிக் கோட்டைக் கோயிலில் உள்ள நுளம்பர் காலத்துக் கல்வெட்டுகள் அப்பெயரைச் சொல்கின்றன. சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நிலம் 1965 அக்டோபர் 2 அன்று தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. நகரிலிருந்து சேலம் போகும் வழியிலுள்ள அதியமான்கோட்டை என்ற ஊர்ப்பெயரில் பழைய குடியின் நினைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அக்குடியைச் சேர்ந்த அதியமான் நெடுமான் அஞ்சி, புலவர்களின் கற்பனைப் படைப்பு அல்லன் என்பதற்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்ற ஊரின் குன்றில் 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் ஒரு தமிழிக் கல்வெட்டைக் கண்டறிந்தார்கள். சதியபுதோ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி என்பதே அதன் செய்தி. அசோகரின் பாறைக் கட்டளைகள் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லும் சதியபுதோ யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்து வந்த கேள்விக்கு அந்த ஒற்றை வரி விடையளித்தது. அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்று ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் சொல்வதையும், கல்வெட்டு அந்தக் கோவலூர்ப் பக்கத்திலேயே கிடைத்ததையும் சேர்த்துப் பார்த்தால் மகிழாமல் இருக்க முடியவில்லை.

வரலாற்று ஆய்வாளர்கள் அந்தப் பட்டத்தில் கவனம் வைத்தது இயல்பு. நம் கவனம் 'ஈத்த' என்ற வினைமேல் செல்கிறது. தாழ்ந்தவன் கேட்கும்போது 'ஈ' என்றும், ஒத்தவன் கேட்கும்போது 'தா' என்றும், உயர்ந்தவன் கேட்கும்போது 'கொடு' என்றும் சொல்வான் என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். குகையில் தங்குவோருக்குப் படுக்கையிடம் அமைத்துத் தந்தவன் தன் செயலுக்கு வைத்துக்கொண்ட சொல்லும், அவன் வீட்டில் கள் வாங்கிக் குடித்த புலவர் அவனை நினைத்து அழும்போது எடுத்தாண்ட சொல்லும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. அவன் தன் குரலில் நமக்கு விட்டுச்சென்றது அந்த ஒரு வரிதான். எஞ்சியதெல்லாம் விருந்தினர் வாய்மொழி.

அவ்விருந்தினருள் தலையாயவர் ஔவையார். நெல்லிக்கனிக் கதையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அறிவார்களாதலின் அதை விரிக்க வேண்டியதில்லை. நமக்கு வேண்டியது, அவன் இறந்தபின் அவர் பாடிய 235ஆம் பாட்டு. இழப்பைச் சொல்லும் அந்தப் பாட்டு, முதற்பாதி முழுவதும் ஒரு வீட்டுப் பந்தியின் கணக்குப் பேரேடாக அமைந்திருக்கிறது. கள் கொஞ்சமாக இருந்தால் முழுவதையும் எங்களுக்குத் தந்துவிடுவான். நிறைய இருந்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சமாக இருந்தாலும் கலங்கள் மிகப் பல. சோறு மிகுதியாக இருந்தாலும் கலங்கள் மிகப் பல. எலும்போடு கூடிய கறித்துண்டு கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்கு. அம்பும் வேலும் நுழையும் இடமெல்லாம் அவனுக்கு.

உரைகள் இப்பகுதியைக் கொடைப் புகழ்ச்சியாகக் கொண்டு கடந்துவிடுகின்றன. ஒருமுறை நின்று படித்தால், கள்ளுக்கு ஒரு விதியும் சோற்றுக்கு வேறொரு விதியும் சொல்லப்படுவது தெரியும். கள் குறைந்தால் தன் பங்கை விட்டுவிடுகிறான். அதாவது குடிப்போர் தொகையில் ஒன்று குறைகிறது. சோறு குறைந்தாலோ தொகை குறைவதில்லை. ஒவ்வொரு கலத்திலும் விழும் அளவுதான் குறைகிறது. கள் இல்லாமல் ஒருவன் எழுந்து போகலாம், சோறு இல்லாமல் எழுந்து போகக் கூடாது. இன்றைக்கும் நம் வீடுகளில் பந்தி நடக்கும்போது அடுக்களையிலிருந்து வரும் கிசுகிசுப்பு நினைவிருக்கும்: ஆள் கூடிவிட்டார்கள், கரண்டியைப் பார்த்துப் போடு. தகடூரில் கரண்டி சுருங்கும், வாயில் சுருங்காது.

இதற்கு 101ஆம் பாட்டும் துணை நிற்கிறது. ஒரு நாள் போனோம், இரண்டு நாள் போனோம் என்பதோடு நில்லாமல், பல நாள் தொடர்ந்து பலரோடு போனாலும் முதல் நாள் காட்டிய விருப்பத்தையே காட்டுவான் என்கிறார் ஔவையார். 'பலரோடு' என்பது முக்கியம். எத்தனை பேரை அழைத்து வருவோம் என்று முன்கூட்டிச் சொல்லி அனுப்பிய வருகை அன்று அது. விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பதுதான் பொருள். புதிதாக வந்தவரே விருந்தினர். ஆதலால் விருந்தை எண்ணிவைப்பது தமிழ்ச்சொல்லின் இயல்புக்கே ஒவ்வாத செயல் என்று ஒருவர் வாதாடலாம். சொல்லாராய்ச்சி எப்போதும் இப்படி ஒரு படி தாண்டிப் போய்விடும். கல்யாண வீட்டில் சமையற்காரரிடம் இதைச் சொல்லிப் பார்த்தால் தெரியும். என்றாலும் அழைக்கப்பட்டவரையும் வந்தவரையும் ஒரே சொல்லால் குறிக்கும் மொழி நம்முடையது என்பது உண்மை.

பரிசில் பெற்றவர் புகழ்வதில் வியப்பென்ன என்று இங்கே ஒருவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஔவையாரும் பிறரும் அவன் சோற்றை உண்டவர்கள். நாளைக்கும் அங்கே போக வேண்டியவர்கள். ஆனால் அவ்விருந்தினர் அதே வீட்டைக் குறைசொல்லிப் பாடியவையும் அதே தொகை நூலில் இருக்கின்றன. பரிசில் தாமதமானபோது ஔவையார் வாயில்காவலனை நோக்கிப் பாடியது 206ஆம் பாட்டு. உன் தலைவனுக்குத் தன்னையும் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை போலும். உலகம் இவனோடு தீர்ந்துவிடவில்லை, கைத்தொழில் உடையவர் எத்திசை சென்றாலும் அத்திசையில் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டத் தொடங்கிவிடுகிறார். பசித்தவர் பேச்சாக அது தோன்றவில்லை. தன் தொழிலின் மதிப்பை அறிந்தவர் பேச்சாகவே தோன்றுகிறது.

இன்னும் கூர்மையானது 208ஆம் பாட்டு. குன்றும் மலையும் பல கடந்து வந்த பெருஞ்சித்திரனாரை நேரில் காணாமல், இதைக் கொண்டு போகட்டும் என்று அஞ்சி பரிசில் அனுப்பிவிட்டான். புலவர் அதை ஏற்கவில்லை. என்னைக் காணாமல் தந்த பொருளைப் பெற்றுக்கொள்ள நான் வாணிகனா என்று கேட்கிறார். தகுதியை அறிந்து கொடுத்தால் தினையளவு கொடுத்தாலும் இனிது என்கிறார். பரிசில் சிறியது என்பது அவர் முறையீடு அன்று. பரிசில் நிறையவே இருந்திருக்கலாம். எதிரே முகம் இல்லை என்பதே முறையீடு. விருந்தில் சமைத்த பொருள் எது, விருந்து எது என்று பிரித்துக்காட்டிய பாட்டாக இதைக் கொள்கிறோம். வீட்டுக்காரர் அறைக்குள் இருந்துகொண்டு வந்தவர்களைச் சாப்பிட்டுப் போகச் சொல்லும் வீட்டில் எத்தனை வகை பரிமாறினாலும் கை இலையில் இறங்காது என்பதை அறியாதவர் யார்?

இம்முறையீடுகள் இருப்பதனால்தான் புகழ்ச்சியையும் நம்பத் தோன்றுகிறது. வாயில் எப்போதும் திறந்திருந்தது என்று மட்டும் பாட்டுகள் சொல்லியிருந்தால், அவற்றையும் அந்தப் பாலாடைக்கட்டி விளம்பரத்தோடு சேர்த்து வைத்திருப்போம். சிலநாள் அடைத்திருந்தது என்பதையும் சொல்லியிருக்கின்றன. தொகுத்தவர்கள் அவற்றை நீக்காமல் வைத்தார்கள், உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது எல்லாமே நமக்கு வந்து சேர்ந்தன.

பந்தியில் என்ன இருந்தது? 390ஆம் பாட்டு மதுவையும், ஊன் சேர்த்துச் சமைத்த சோற்றையும், அதை உண்ணத் தந்த வெள்ளிக்கலத்தையும் சொல்கிறது. இவற்றைக் காட்டிலும் நம்மைத் தொட்டது அடுத்து வரும் செய்தி. பாடிய கலைஞரின் சுற்றத்தார் ஊர்முன் உள்ள பொதியிலில் தங்கியிருக்கிறார்கள். பந்திக்கு வராத அவர்களையும் நினைந்து, வேங்கைப்பூ நிறத்துச் செந்நெல்லைப் போரோடு கொடுத்தனுப்புகிறான் அதியமான். வந்தவர் உண்ணும்போது வராதவர் நினைவு அவர் தொண்டையில் நிற்கும் என்பதை அறிந்தவனே இப்படிச் செய்வான். நம் ஊர்ப்புறத்தில் விருந்து முடிந்து கிளம்புகிறவர் கையில் தூக்குவாளி ஏறுவது இதன் தொடர்ச்சி என்று சொல்லிவிட ஆசைதான். தொடர்ச்சி என்று நிறுவ இயலாது. உறவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடிய 392ஆம் பாட்டில் வேறொரு முறை தெரிகிறது. வந்த பாணரின் பாசிவேர் போன்ற கந்தையை முதலில் களைந்து நுண்ணிய ஆடை உடுத்திய பிறகே, தேள் கொட்டியதுபோல் கடுக்கும் நாட்பட்ட தேறலைப் பொற்கலத்தில் வார்க்கிறான். பந்தியில் உட்காரும்போது பக்கத்திலிருப்பவரின் உடையைப் பார்த்துக் கூசும்படி யாரையும் விடக் கூடாது என்பது இதன் உட்கிடை. அப்பாட்டு இவன் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்றும் சொல்கிறது. 99ஆம் பாட்டும் அதையே சொல்கிறது. பாலக்கோட்டிலும் அரூர்ப் பக்கத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் அமைந்ததையும், கடகத்தூர் வெல்லச் சந்தையையும் நினைக்கையில், தருமபுரி மண்ணுக்கும் கரும்புக்கும் உள்ள உறவைப் புலவர்கள் வீணாகப் பாடவில்லை என்று தோன்றுகிறது.

கள்ளைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதியமானோடு அமர்ந்து கள் குடித்த ஔவையாரை நம் தலைமுறைகள் மறந்தேவிட்டன. ஆத்திசூடி பாடிய பிற்காலத்து ஔவையாரும் இவரும் ஒருவராகக் கலந்து, 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் கே.பி.சுந்தராம்பாள் திருநீறு பூசித் தடியூன்றி வந்தபின், எல்லோருடைய மனத்திலும் அந்த உருவமே நிலைபெற்றது. வரலாற்றின் குறும்பு இன்னொன்றும் உண்டு. சென்னை மாகாணத்தில் இராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்திய மாவட்டம் சேலம்; ஆண்டு 1937. தருமபுரி அன்று சேலத்துக்குள்தான் இருந்தது. தமிழ்ப்பாட்டில் கள்ளின் பங்கீடு இவ்வளவு விரிவாகச் சொல்லப்பட்ட மண்ணிலேதான் கள் முதலில் நின்றது.

இனி ஒரே சட்டிக்கும் பல கலங்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருவோம். ஃபோன்டூவின் பெருமை, எல்லோரும் ஒரே சட்டியில் தோய்ப்பது. நம் வீடுகளில் அது நடவாது. எச்சில் என்ற ஒரு சொல்லே அதைத் தடுத்துவிடும். ஒரே உலையில் பொங்கி, தனித்தனி இலையில் இடுவது நம் முறை. தகடூர்ப் பாட்டும் கலங்களைப் பன்மையில்தான் சொல்கிறது. இதில் ஒரு வசதி உண்டு: சட்டியைச் சுற்றி ஆறு பேருக்கு மேல் அமர முடியாது, கலங்களைப் பரப்பிக்கொண்டே போகலாம். ஓர் ஆபத்தும் உண்டு: கலம் தனித்தனி என்றாகிவிட்டால், யார் கலம் எங்கே வைக்கப்படுகிறது என்ற கேள்வி எழுந்துவிடும். வெள்ளிக்கலத்தில் உண்ட பாணர்கள் பிற்காலத்தில் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டார்கள் என்பது வரலாறு. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்த கொடுமையும் நம் காலத்து வரலாறே. கலங்கள் மிகப் பல என்று ஔவையார் எண்ணியது ஆட்களின் பெருக்கத்தை; பின்வந்தவர்கள் அதே கலங்களை ஆட்களைப் பிரிக்கப் பயன்படுத்தினார்கள். பழம்பெருமை பேசுகிற கட்டுரைகள் இந்த இடத்தில் பேச்சை மாற்றிவிடுவது வழக்கம். மாற்றினால் அந்தப் பாட்டின் அருமையும் நமக்குத் தெரியாமல் போய்விடும்.

தோய்த்து உண்ணும் இன்பம் வேண்டுமென்றால் அதற்குத் தருமபுரியில் களி இருக்கிறது. கொதிக்கும் உலையில் கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டி, நடுவே துடுப்பால் துளையிட்டு வேகவிட்டு, பிறகு பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிளறுவது எளிய வேலை அன்று. ஈரக் கையால் உருட்டித் தட்டில் வைத்த சூடான உருண்டையில் ஒரு விள்ளல் எடுத்து, அவரைக் குழம்பிலோ கோழிக் குழம்பிலோ புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மழையை நம்பியிருக்கும் இம்மேட்டு நிலத்தில் நெல்லுச்சோறு விருந்தாகவும் களி அன்றாடமாகவும் இருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. 1876 முதல் 1878 வரை நீண்ட பெரும்பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் பட்ட பாடு பெரிது. சோறு சிறிதாக இருப்பது என்பது இந்நாட்டில் அணிக்காகச் சொல்வது அன்று. அதியமான் வீட்டிலும் களிதான் பரிமாறினார்கள் என்று நாளை யாரேனும் விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். புறநானூறு அவன் வீட்டில் ஊன்சோற்றையும் செந்நெல்லையும் சொல்கிறது, கேழ்வரகைச் சொல்லவில்லை. இடையர் குடிசையில் ஃபோன்டூ பிறந்த கதையை ஏற்க மறுத்த நாம் இதை மட்டும் ஏற்பது முறையாகாது.

இவ்வீடு எப்படி முடிந்தது என்பதும் உணவுச் சொல்லிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. தகடூரை அழித்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. அவன் புகழைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர் அரிசில் கிழார். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் முழுதாகக் கிடைக்காமல், புறத்திரட்டு முதலியவற்றில் சிதறிய பாட்டுகளாக எஞ்சியிருக்கிறது. வென்றவனைப் பாடிய அதே அரிசில் கிழார், தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினிக்காகவும் அழுதிருக்கிறார். அது புறநானூற்றின் 230ஆம் பாட்டு. கன்றுகள் காட்டில் அஞ்சாமல் தங்கிய, வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் படுத்துறங்கிய, களத்து நெல்லுக்குக் காவல் வேண்டாத நாட்டின் தலைவனைக் கொண்டுபோன கூற்றத்தை அவர் ஏசுகிறார். ஏசுவதற்கு அவர் கண்ட உவமை, நொடித்துப்போன குடியின் உழவன் விதைநெல்லைக் குத்திப் பொங்கி உண்டுவிட்டது. இவன் ஓர் உயிரை உண்ணாமல் விட்டிருந்தால், போர்க்களத்தில் இவனால் உனக்கு எத்தனை உயிர் கிடைத்திருக்கும் என்று கேட்கிறார். பகைவரின் புலவர், இழவு வீட்டில் நின்றுகொண்டு, சாவுக்கு வீட்டுக்கணக்குப் பாடம் நடத்துகிறார்! விதைக்கும் உணவுக்கும் வேறுபாடு தெரியாதவன் எப்பேர்ப்பட்ட அறிவிலி என்பது மேட்டு நில உழவனுக்குச் சொல்லாமலே விளங்கும்.

ஔவையாரின் 232ஆம் பாட்டு இன்னும் தாழ்ந்த குரலில் ஒலிப்பது. அஞ்சிக்கு நடுகல் நட்டு மயிற்பீலி சூட்டியிருக்கிறார்கள். நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஏந்தி அதன்முன் வைக்கிறார்கள். சிகரம் ஓங்கிய மலைநாட்டையே கொடுத்தபோதும் கொள்ளாதவன், இதைக் கொள்வானோ என்று கேட்கிறார் ஔவையார். வாழ்நாளெல்லாம் கலத்தை நிரப்பிக் கொடுத்தவன் முன்னால் இப்போது ஒரு கலம், அதுவும் சிறியது, கொடுப்பவர்கள் விருந்தினர்.

இப்பகுதியில் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. செங்கம் நடுகற்களைத் தொகுத்து இரா.நாகசாமி 1972இல் நூலாக வெளியிட்டார். தருமபுரி மாவட்டத்திலும் ஏராளமானவை கண்டறியப்பட்டன. தருமபுரி அருங்காட்சியகத்தில் அவற்றுள் பல வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலானவை அஞ்சிக்குப் பல நூற்றாண்டு பிற்பட்டவை. பல்லவர், கங்கர், நுளம்பர் காலத்துப் பூசல்களில் ஆநிரை மீட்டோ ஊர் காத்தோ இறந்தவர்கள், வில்லும் வாளும் ஏந்திய நிலையில் கல்லில் இருக்கிறார்கள். வட்டெழுத்தில் பெயரும் ஆட்சியாண்டும் வெட்டியிருப்பார்கள். படைக்கலங்களையும் எழுத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் காலடிப் பக்கம் பார்வையை இறக்கினால், அவற்றுள் சிலவற்றில் ஒரு சிமிழும், மூக்கு நீண்ட கெண்டி ஒன்றும் செதுக்கப்பட்டிருப்பது தெரியும்.